தறியும் தாவரமும்: ஆங்கில நெசவாளரின் ஓய்வுநேர அறிவு முயற்சிகள் பற்றிய ஒரு நோக்கு

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் வழங்கும் முறையிலேயே ஒரு மதிப்பீடு மறைந்திருக்கின்றது. பொழுது என்பது போக்கப்படவேண்டிய ஒன்று; அதனைப் போக்குதற்கு யாதேனும் ஓர் உபாயம் வேண்டும் என்பதே அச்சொல் தரும் கருத்து. போக்குதற்குரிய பொழுதை உடையவர் எவர், அப்பொழுது அவர்க்கு எவ்வாறு கிடைத்தது, பிறர் அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்னும் வினாக்களை அச்சொல் எழுப்புவதில்லை. அறிவியல் வரலாற்றாசிரியர் பலரும் நெடுங்காலமாக இவ்வினாக்களை எழுப்பவில்லை. பல்கலைக்கழகங்களையும் வேத்தியற் கழகத்தையும் சார்ந்தோரின் முயற்சிகள் ஆராய்ச்சி எனப்பட்டன. தொழிலாளர் ஒருவர் தம் வேலை முடிந்தபின் செய்த அதே முயற்சி வியப்புக்குரிய ஒரு பித்து எனக் கொள்ளப்பட்டது.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்வது பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளரிடையே வேரூன்றியிருந்த அத்தகைய பித்துக்களையே. எட்வேட் தொம்சன் 1963இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளி வர்க்க உருவாக்கம் பற்றிய நூலில், நெசவாளர் ஊர்களில் வாழ்ந்த தாவரவியலாளரையும் கணிதரையும் பற்றிப் பேசியுள்ளார். அவருக்குப் பின்வந்த ஆய்வாளர், சிறப்பாக ஆன் சீக்கோட், தவறணைகளிற் கூடிய தாவரவியற் சங்கங்களைத் துருவி ஆராய்ந்துள்ளனர். இங்கிலாந்து நெசவாளரின் கதை நமக்கு எதற்கு என வினவுவோர் உளர். அவர்க்குரிய விடை பேராதனையில் இருக்கின்றது. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

1685இல் பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தருக்கு வழங்கப்பட்டிருந்த நாந்து நகர்ச் சாசனத்தை நீக்கினான். அதன் விளைவாக நாட்டைவிட்டு ஓடியவருள் பட்டு நெசவாளர் பலர் இலண்டனின் கிழக்கே, நகர மதிலுக்கு வெளியே இருந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிற் குடியேறினர். வீட்டின் மேல்மாடியில், நீண்ட சாளரங்களின் ஒளியில், தறி நின்றது. நெசவாளர் வறியவரேயாயினும் தம் பொழுதின் மீது ஓரளவு ஆட்சியுடையவராயிருந்தனர். எப்போது தறியில் அமர்வது, எப்போது எழுவது என்பதைத் தொழிற்சாலை மணி தீர்மானிக்கவில்லை. திங்கட்கிழமையை வேலையின்றிக் கழித்து வார இறுதியில் இரவும் பகலும் நெய்து ஈடுசெய்யும் வழக்கம் பரவலாயிருந்தது. அதற்கு நகைச்சுவையாகப் புனித திங்கள் என்று பெயர். கூட்டிலே பாடும் பறவைகளை வளர்த்தல், சாடிகளிற் பூச்செடி வளர்த்தல், வண்ணத்துப்பூச்சி சேகரித்தல் எனப் பல ஈடுபாடுகள் அப்பகுதியில் இருந்தன. இவற்றுள் மிக விசித்திரமானது கணிதம்.

1717இல் யோசப் மிடில்ரன் என்பவர் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் கணித சங்கத்தைத் தோற்றுவித்தார். இவர் மாலுமிகளுக்குக் கணிதம் கற்பித்தவர். சனிக்கிழமை மாலைகளில் ஒரு தவறணையிற் சங்கம் கூடிற்று. உறுப்பினர் தொகை எட்டின் வர்க்கமாகிய 64க்கு மேற்படலாகாது என வரையறுத்தமை அவர்களது குறும்புக்குச் சான்று. புகைக்குழாயும் மதுக்குவளையும் கையிலிருக்க, ஒவ்வொருவரும் தத்தமக்குரிய கணக்கில் ஆழ்ந்திருப்பர். இச்சங்கத்து விதிகளுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. உறுப்பினர் ஒருவர் கணிதம் பற்றியோ இயற்கைத் தத்துவம் பற்றியோ ஒரு வினாவை எழுப்பின், வினவப்பட்டவர் தம்மால் இயன்ற அளவு எளிய முறையில் அதனை விளக்குதல் கடமையாகும். விடையளிக்கத் தவறுவோர்க்கு இரண்டு பென்ஸ் அபராதம். கற்றோன் மறைத்தலும் கல்லாதோன் நாணுதலும் ஆகிய இரண்டையும் இவ்விதி ஒருங்கே தடுத்தது. குருகுலம் போற்றிய நம் மரபிலே, வினாவுக்கு விடை கூறாத ஆசிரியருக்கு அபராதம் விதித்ததாக நாம் அறியோம்!

இவ்வட்டாரத்திலே தம்மைக் கண்டுகொண்டோருள் தோமஸ் சிம்சன் ஒருவர். 1710இல் லெஸ்ரர் மாவட்டத்து மார்க்கற் பொஸ்வேத் என்னும் ஊரில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தந்தையின் தொழிலையே பயின்றவர். 1724இல் நிகழ்ந்த சூரியகிரகணம் அவரது உள்ளத்தைக் கிளறிற்று. ஊரூராகத் திரிந்து பொருள் விற்ற சோதிடர் ஒருவரிடமிருந்து எண்கணித நூல் ஒன்றை இரவல் பெற்றுக் கற்றார், சோதிடமும் பார்த்தார். பேயை வரவழைக்கும் சடங்கொன்றில் வேடத்தைக் கண்டு ஓர் இளம்பெண் கடுமையாக அஞ்சியமையால் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. சோதிடத்திலிருந்து கணிதத்துக்குச் செல்லும் வழி அக்காலத்தில் அவ்வளவு நீண்டதன்று. கிரகணத்தைக் கணிக்க விழைந்தவன் இரண்டுக்கும் நடுவே நின்றான். இலண்டன் சேர்ந்த சிம்சன் பகலில் ஸ்பிற்றல்பீல்ட்சில் நெய்தார். மாலையிற் கணிதம் கற்பித்தார். 1737இல் நுண்கணித நூலொன்றை வெளியிட்டார். 1743இல் வூலிச் இராணுவக் கல்லூரியில் ஆசிரியரானார். 1745இல் வேத்தியற் கழக உறுப்பினரானார். வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் காணும் சிம்சன் விதியை நம் உயர்தர வகுப்பு மாணவர் இன்றும் மனனஞ் செய்கின்றனர். அவர் ஒரு நெசவாளர் என்பதை அவர்களுக்கு எவரும் கூறுவதில்லை.

பின்னர் 1754 முதல் 1760 வரை சிம்சன் ஆசிரியராயிருந்த பெண்டிர் நாட்குறிப்பு என்னும் ஆண்டு மலரையும் இங்கு சுட்டுதல் தகும். 1704இல் தொடங்கப்பெற்ற அம்மலர் விடுகதைகளோடு கணித வினாக்களையும் வெளியிட்டது. கிராமப் பள்ளியாசிரியரும் வீட்டுப் பெண்களும் ஓராண்டு காத்திருந்து விடை கண்டனர். பல்கலைக்கழக வாயில்கள் பெண்களுக்கு அடைபட்டிருந்த காலம் அது.

யோன் டொலண்டின் வரலாறு வேறொரு பாடம் புகட்டுவது. 1706இல் ஸ்பிற்றல்பீல்ட்சில் ஹூகனொற் அகதிக் குடும்பத்திற் பிறந்த டொலண்ட் பல்லாண்டுகள் பட்டு நெய்தவர். இலத்தீன், கிரேக்கம், கணிதம், பௌதிகம், உடற்கூற்றியல் ஆகியவற்றை ஓய்வுநேரத்திற் கற்றார். மகன் பீற்றர் 1750இல் தொடங்கிய கண்ணாடிப் பட்டறையில் 1752இல் தாமும் சேர்ந்தார். அக்காலத் தொலைநோக்கிகளில் ஒளி நிறங்களாகப் பிரிந்து உருவின் விளிம்பிலே வானவிற் பட்டையாகத் தோன்றியது. இக்குறை நீங்காது என நியூற்றன் கருதியிருந்தார். டொலண்டும் தொடக்கத்தில் நியூற்றனின் பக்கம் நின்று ஒயிலரோடு வாதிட்டவரே. சுவீடன் நாட்டுக் கணிதர் கிளிங்கென்ஸ்ரியேனா எழுப்பிய ஐயம் அவரைப் பரிசோதனைக்குத் தூண்டிற்று. இருவேறு கண்ணாடி வகைகளைச் சேர்த்து நிறப்பிறழ்ச்சியை நீக்கும் வில்லையைச் சமைத்து, 1758இல் அதனை வேத்தியற் கழகத்துக்கு அறிவித்துக் கொப்ளி பதக்கம் பெற்றார். அதே ஆண்டிற் காப்புரிமையும் பெற்றார்.

ஆயின் செஸ்ரர் மோர் ஹோல் என்னும் சட்டத்தரணி அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே அத்தகைய வில்லையைச் செய்திருந்தார். ஹோலும் ஓய்வுநேர ஆர்வலரே. தம் கருத்தைப் பிறர் அறியாதிருக்க, வில்லையின் இரு பகுதிகளையும் இரு வேறு பட்டறைகளிடம் ஒப்படைத்தார். அவ்விரு பட்டறைகளும் வேலையை யோர்ஜ் பாஸ் என்னும் ஒரே தொழிலாளரிடம் அனுப்பின. தம் கையில் வந்த இரண்டும் ஒருவருக்கே உரியன எனக் கண்ட பாஸ் அவற்றைப் பொருத்திப் பார்த்து மறையை அறிந்தார். கனவானின் இரகசியம் கைவினைஞனின் மேசையில் இவ்வாறு வெளிப்பட்டது. யோன் டொலண்ட் 1761இல் இறந்தபின், பீற்றர் காப்புரிமையை வலியுறுத்தி ஏனைக் கண்ணாடித் தொழிலாளர் மீது வழக்குகள் தொடுத்தார். 1764இல் அவர்கள் பலராகக் கூடிக் காப்புரிமையை நீக்குமாறு மனுச் செய்தும் பயனில்லை. 1766இல் நீதிமன்றம் ஹோலின் முதன்மையை ஏற்றுக்கொண்டது. எனினும், கண்டுபிடிப்பைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தவருக்கன்றி உலகுக்கு அளித்தவருக்கே பயன் உரியது எனத் தீர்த்தது. தீர்ப்பு ஒருவகையில் நியாயமே. ஆயினும் கேட்டவர்க்குக் கூறாவிடின் அபராதம் என்ற சங்கத்தின் விதி பிறந்த அதே தெருக்களிலிருந்து, பயன்படுத்தினோரிடம் பணம் கேட்கும் வழக்குப் பிறந்தமை கவனிக்கத்தக்கது. ஓய்வுநேர அறிவு பண்டமாக மாறும் கணத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

நெசவாளரின் பொழுதும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1760களிற் கூலிக்காகக் கிளர்ந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர் தறிப்பட்டுக்களை வெட்டினர். 1769இல் சிலர் தூக்கிலிடப்பட்டனர். 1773இல் இயற்றப்பட்ட சட்டம் கூலியை நீதவான்கள் வரையறுக்க வழிசெய்தது. 1824இல் தடையிலா வாணிகக் கோட்பாட்டின் பெயரால் அதுவும் நீக்கப்பட்டது. கணித சங்கத்தில் நெசவாளர் அருகி நடுத்தர வகுப்பினர் மிகுந்தனர். 1846இல், இருபதுக்கும் குறைந்த உறுப்பினரே எஞ்சியிருந்த நிலையில், சங்கம் வேத்திய வானியற் கழகத்துள் அடங்கியது. அதன் நூல்நிலையமும் அக்கழகத்தைச் சேர்ந்தது. தவறணையிற் பிறந்த சங்கம் கனவான்களின் மண்டபத்தில் மறைந்தது.

வடக்கே லங்காஷயரில் இதற்கிணையான, நம் கருத்தில் இதனினும் ஆழமான, ஓர் இயக்கம் வளர்ந்தது. மான்செஸ்ரரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழ்ந்த கைத்தறி நெசவாளர், துணி வெட்டுவோர், சுமையாளர் முதலியோர் தாவரவியற் சங்கங்களை அமைத்தனர். ஞாயிற்றுக்கிழமையே அவர்க்குக் கிடைத்த ஒரே ஓய்வுநாள். தவறணையே கட்டணமின்றிக் கிடைத்த ஒரே மண்டபம். மாதந்தோறும் செலுத்திய சந்தாவில் ஒரு பகுதி மதுவுக்கும் ஒரு பகுதி நூலுக்கும் ஒதுக்கப்பட்டது. தவறணைக்காரருக்கு மது விற்பனையே வாடகை. தனியொருவரால் வாங்கவியலாத நூல்கள் சங்கத்தின் பெட்டியிற் பொதுவுடைமையாக இருந்தன. உறுப்பினர் பறித்துவந்த செடிகள் மேசையிலே குவிக்கப்படும். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் கூறுவார். செடி கைமாறி அவையைச் சுற்றிவரும். எழுத வாசிக்க அதிகம் அறியாதவரும் கண்ணாலும் செவியாலும் நூற்றுக்கணக்கான இலத்தீன் பெயர்களை மனத்திற் பதித்தனர். ஞாயிறன்று தவறணையிற் கூடுதலைக் கண்டித்த சமயப் பற்றாளர்க்கு அவர்கள் கூறக்கூடிய விடை எளியது: வேறு நாளும் இல்லை, வேறு இடமும் இல்லை.

லினேயசின் பாகுபாட்டு முறை இவ்வியக்கத்துக்கு எவ்வாறு துணைநின்றது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பூவின் கேசரங்களை எண்ணி, அவற்றின் அமைப்பை நோக்கி, தாவரங்களை 24 வகுப்புக்களாகப் பிரிப்பது அம்முறை. அதற்கு நுணுக்குக்காட்டியோ விலையுயர்ந்த வண்ணப்பட நூலோ தேவையில்லை. கூரிய கண்ணும் எண்ணத் தெரிந்த விரலும் போதும். நூலிழைகளை எண்ணிப் பழகிய நெசவாளனுக்கு இவை இரண்டும் தொழிலாலேயே வாய்த்தவை. இவ்வமைப்பு இயற்கையின் உறவுகளைச் சரிவரக் காட்டாது எனப் பிற்காலத்திற் கற்றோர் அதனைக் கைவிட்டனர். அக்கருத்து அறிவியல் நோக்கிற் சரியானதே. ஆயினும் புதிய இயற்கைப் பாகுபாடு பெருநூல்களையும் பெருந்தொகுதிகளையும் வேண்டி நின்றமையால், தவறணை மேசைக்கு எட்டாததாயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிறெஸ்ற்விச் ஊரின் நெசவாளர் யோன் ஹோஸ்ஃபீல்ட் 1792இற் பிறந்தவர். லினேயசின் வகுப்புக்களைத் தாளில் எழுதித் தறிக்கம்பத்தில் ஒட்டிவைத்தார். நெய்ய அமரும் போதெல்லாம் அது கண்ணெதிரே நின்றது. கை நாடாவை எறிய, வாய் இலத்தீன் பெயர்களை உருப்போட்டது. நம் நாட்டில் நெசவும் கல்வியும் இருவேறு சாதிகளுக்கு உரியன எனப் பகுத்து வைத்தோருக்கு இக்காட்சி உவப்பாய் இராது. ஹோஸ்ஃபீல்ட் பின்னர்த் தம் ஊர்ச் சங்கத்துக்கும், பல ஊரார் கூடிய பொதுக்கூட்டங்களுக்கும் தலைமை தாங்கினார். அவர் கலப்பினமாக வளர்த்தெடுத்த நர்சிசஸ் மலர்வகை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1850இல் மான்செஸ்ரர் கார்டியன் இதழில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். நெசவாளன் ஒருவன் தன்னைத் தாவரவியலாளன் என்று அச்சிலே கூறிக்கொள்வது சிறிய செய்தியன்று. தன்னையறிதல் என நம் ஞானிகள் பேசியது உலகினின்று ஒதுங்கி அகத்தை நோக்குதலை. ஹோஸ்ஃபீல்ட் தம்மை அறிந்ததோ, ஒரு செடியை உயர்த்திக் காட்டிப் பெயர் கூறியபோது சுற்றியிருந்தோர் தலையசைத்த அக்கணங்களில்.

இவ்விடத்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பாரின் கருத்தை மறுத்துரைத்தல் அவசியமாகின்றது. 1859இல் வெளியான தன்னுதவி என்னும் நூலாலும், சப்பாத்துத் தொழிலாளி தோமஸ் எட்வேட் (1876), வெதுப்பக உரிமையாளர் றொபேட் டிக் (1878) ஆகிய இயற்கை ஆர்வலரின் வரலாறுகளாலும் அவர் ஒரு வாய்பாட்டை நிறுவினார்: விடாமுயற்சியுள்ள ஏழை, தனியனாய் நின்று, குடியை ஒறுத்து, அறிவால் உயர்கிறான். ஏழ்மை ஏன் நிலவுகிறது என்ற வினா அங்கு எழாது. லங்காஷயர்ச் சான்றுகள் இதற்கு நேர்மாறானவை. அறிவு தனியனிடம் பிறக்கவில்லை. பொதுப்பெட்டி நூல்களிலும் கைமாறிய செடியிலும் பிறந்தது. குடி தடையாக அன்றி வாடகையாக இருந்தது. உயர்வும் பெரும்பாலும் நிகழவில்லை. ஹோஸ்ஃபீல்ட் 1854இல் இறக்கும்வரை ஏழையே. சுமையாளராயிருந்த யேம்ஸ் குறோதர், அவ்வட்டாரத்தின் தேர்ந்த தாவரவியலாளருள் ஒருவராயிருந்தும், 1847இல் வறுமையில் இறந்தார். விசைத்தறியின் வருகையாற் கைத்தறி நெசவாளரின் கூலி வீழ்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளிலேயே இச்சங்கங்கள் செழித்திருந்தன. 1819 ஆவணி 16ஆம் நாள் மான்செஸ்ரரின் சென் பீற்றர் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிக் குதிரைப்படையால் வெட்டுண்டோர் இவ்வூர்களைச் சேர்ந்த நெசவாளரே. எலிசபெத் காஸ்கெல் 1848இல் எழுதிய மேரி பாட்டன் நாவலில் வரும் பூச்சியியல் ஆர்வலரான கிழநெசவாளர் யொப் லெக் இவ்வுலகத்தின் மனிதர். காஸ்கெலின் பரிவு உண்மையானது. எனினும் செடியை நேசிக்கும் தொழிலாளி அரசியலில் அடங்கியிருப்பான் என்ற நடுத்தர வகுப்பின் நம்பிக்கை அப்பாத்திரத்தில் நிழலாடுகிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

இவர்களது அறிவு எங்கே சென்றது? எட்வேட் ஹொப்சன் மான்செஸ்ரரில் ஒரு களஞ்சியத்தில் வேலைசெய்தவர். மரத்திலும் பாறையிலும் படரும் பாசிவகைகளில் வல்லவர். 1818 முதல் அவற்றை உலர்த்தித் தொகுதிகளாக வெளியிட்டார். வில்லியம் ஜக்சன் ஹூக்கருக்கு மாதிரிகள் அனுப்பினார். ஹூக்கர் நன்றி பாராட்டினார் என்பதில் ஐயமில்லை. எனினும் பேராசிரியர் பதவியும், 1841இல் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் பதவியும் அடைந்தவர் ஹூக்கர். ஹொப்சன் 1830இல் காலமாகிவிட்டார். அவ்வட்டாரத் தாவரவியலாரோடு பழகிக் கற்ற குதிரை வைத்தியர் யோர்ஜ் கேலியை யோசப் பாங்ஸ் நியூ சவுத் வேல்சுக்குச் செடி சேகரிக்க அனுப்பினார். தவறணை மேசையிலிருந்து குடியேற்ற நாடுகளுக்குச் சென்ற வழி இவ்வாறு திறந்தது.

அவ்வழி பேராதனைக்கும் வந்தது. 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அத்தியட்சகராக 1849இல் நியமனம் பெற்ற யோர்ஜ் துவைற்ஸ், பிறிஸ்ரல் நகரில் கணக்காளராக வாழ்க்கையைத் தொடங்கியவர்; தாவரவியல் அவரது ஓய்வுநேர ஈடுபாடு. நுணுக்குக்காட்டியின் வழியே தயற்றங்களின் இணைவைக் கண்டு 1847இற் புகழ்பெற்றார். 1880இல் ஓய்வுபெறும்வரை பேராதனையிலிருந்து, 1858-1864 காலப்பகுதியில் இலங்கைத் தாவரங்களின் பெருந்தொகுப்பை வெளியிட்டார். கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு வில்லையை நோக்கிய ஒருவர் தமக்கு இயல்பான பணியை இங்கே கண்டடைந்தார். அதனை நாம் குறைத்து மதிக்கவில்லை. அப்பணிக்குரிய களத்தை அமைத்தது ஏகாதிபத்தியம் என்பதை மட்டுமே சுட்டுகிறோம்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்திருத்தல் கண்டறியப்பட்டது. துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றைச் சோதித்து ஹெமிலேயா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டவர் மைல்ஸ் யோசப் பேர்க்லி. பேர்க்லி ஒரு கிராமப்புறக் குருவானவர். பங்கசுக்களை ஆராய்தல் அவரது ஓய்வுநேர ஈடுபாடு. அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய உருளைக்கிழங்கு நோய்க்கும் பங்கசே காரணமென 1846இல் வாதிட்டவர் அவரே. ஆக, இலங்கையின் பொருளாதாரத்தை நிலைகுலைத்த நோயைக் கண்டு பெயரிட்ட இருவரும் பொழுதுபோக்கின் வழி அறிவியலுக்கு வந்தவர்கள். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரவிற்று.

அப்பொடியை முதலிற் கண்ட கண்களும் தொட்ட விரல்களும் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளருடையனவாகவே இருந்திருத்தல் வேண்டும். நாள்தோறும் அவ்விலைகளிடையே நின்றவர் அவர்கள். இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து, கங்காணியின் பார்வையில் மாலைவரை நின்றவருக்குப் புனித திங்கள் இல்லை. சங்கமும் நூற்பெட்டியும் இல்லை. ஆயினும் அவர்கள் வெறுமையாய் இருந்தனர் எனக் கொள்ளுதல் தவறு. காமன் கூத்தையும் அர்ச்சுனன் தபசையும் லயங்களின் முன்றிலில் ஆடினர், பாடல்கள் கட்டினர். அவற்றுட் பலவற்றை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தமையாலேயே நாம் இன்று அறிகின்றோம். செடி பற்றி, மண் பற்றி, நோய் பற்றி அவர்கள் அறிந்திருந்தவற்றை அவ்வாறு தொகுத்தவர் எவருமிலர்.

பேராதனையில் துவைற்சின் காலத்துக்குரிய உலர்தாவர ஏடுகள் இன்றும் பேணப்படுகின்றன. அங்கே நாற்பதாண்டளவு பணிபுரிந்த ஹர்மானிஸ் த அல்விஸ் வரைந்த தாவர ஓவியங்களும் உள்ளன. ஓவியர் பெயராவது எஞ்சியது. ஏடுகளின் நிலை வேறு. துவைற்ஸ் அவற்றிற்கு இலங்கைத் தாவரம் என்னும் பொருள்படும் இரு எழுத்துக்களோடு எண் இட்டார். ஓர் எண் ஓர் இனத்தைக் குறித்ததேயன்றி, ஒருவர் ஒருநாள் ஓரிடத்திற் பறித்ததைக் குறிக்கவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு காடுகளில் வெவ்வேறு கைகள் பறித்தவை ஒரே எண்ணின் கீழ் அமைந்தன. எந்தக் கிளையை எவர் எந்த மலைச்சரிவிலிருந்து கொண்டுவந்தார் என்பதை அவற்றுட் பலவற்றில் இன்று பிரித்தறிதல் இயலாது.